பழைய சந்தை நிறுத்தத்தில் இறங்கியவர்கள்

"பத்தொம்பது வருஷமா அந்த பஸ்ல நிக்கிறது நீங்க. யார் இறங்குறாங்க, யார் இறங்கலன்னு உங்களுக்குத் தெரியாதா? ரூம்ல உக்காந்திருக்கிற அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்ங்கிறது தெரிஞ்சதுல சேராதாம். அதைத்தான் மூணு தடவையா சொல்றேன். காதுல விழுதா?"

"விழுது. தெருமுனை வரைக்கும் விழுது."

அது உண்மைதான். தெருமுனைச் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேலையில்லாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் நாலே நாலு துணி எடுக்க வந்தவள் அரைமணி நேரமாக அதே நாலு துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் சண்டையைக் கேட்பது தப்புதான். கேட்கும்படி போடுவது அதைவிடத் தப்பு.

இந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். நம் தெருக் கண்டக்டர் மாலைநேரக் கல்லூரியில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். மற்ற தாள்களிலெல்லாம் ஒருவழியாகத் தேறிவிட்டு, 'தகவல் தேடலும் ஆய்வுத் திறனும்' என்ற கட்டாயத் தாளில் வந்து மாட்டிக்கொண்டார். அதற்கென்று அவர் எழுதிக் கொடுத்த இருபத்தாறு பக்க ஆய்வேட்டில், பத்தொன்பதாம் பக்கத்தில், 'பழைய சந்தை நிறுத்தத்தில் யாரும் இறங்குவதில்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதி, ஏட்டை அன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

இது ஏதோ படிப்பு ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. கண்டக்டருக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. பணிமனையில் டைம்கீப்பர் வேலை காலியாகப் போகிறது. வண்டி வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் உட்கார்ந்த இடத்தில் குறித்துக்கொள்கிற வேலை. பட்டம் இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் வரிசையில் அடுத்து இருக்கும் இளவட்டத்துக்குப் போய்விடும். அவனுக்கு முப்பது வயது, காலில் ஒரு குறையும் இல்லை. நம் கண்டக்டருக்கோ குதிகால் தேய்ந்து, பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் மனைவி தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்தால்தான் மறுநாள் செருப்பே ஏறும். இன்னொரு வருடம் நின்றால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலதிகாரி, நின்றால்தான் கண்டக்டர் என்று சொல்லியிருந்தார்.

இனி அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களுக்குத் தகவலைத் தேடத் தெரியவில்லை, கிடைத்ததைச் சரிபார்க்கத் தெரியவில்லை என்று எங்கேயோ ஒரு கூட்டத்தில் யாரோ வருத்தப்பட்டார்களாம். அந்த வருத்தம் சுற்றறிக்கையாகி, சுற்றறிக்கை மையமாகி, மையத்துக்கு ஓர் இயக்குநர் வந்து சேர்ந்தார். மையத்துக்குப் பெரிய அறை வேண்டும். கல்லூரியில் பெரிய அறை நூலகம் ஒன்றுதான். ஆகவே புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி சைக்கிள் கொட்டகையில் போட்டுவிட்டு, நூலகத்தில் தகவல் மையத்தைத் திறந்தார்கள். சுவர் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று, புத்தகங்கள் அடுக்கியிருப்பது போன்ற ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினார்கள். அதன் பக்கத்தில் 'எதையும் சந்தேகி' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'கேள்விகளை வகுப்பு முடிந்தபின் எழுத்து மூலம் அளிக்கவும்.'

இயக்குநருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. மனிதர் சாதாரணமாகப் பேசும்போதே, சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வார். பாடத்துக்கு அவரே ஒரு கையேடு எழுதியிருந்தார். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்குறிப்பு அவருடைய பழைய கட்டுரை ஒன்றைக் காட்டும். அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் அதன் அடிக்குறிப்பு, கையேட்டின் முந்தைய பதிப்பைக் காட்டும். இதைக் கண்டுபிடித்தது நூலகர்.

நூலகரின் கதி தனிக்கதை. இன்னும் கல்யாணமாகாத பெண், நூலகப் படிப்பில் முதுகலை, பதின்மூன்று வருட அனுபவம். ஆனால் புதிய பாடத்தில் தேறாதவர் யாரும் தகவல் தொடர்பான பணியைச் செய்யக் கூடாது என்று விதி வந்துவிட்டதால், அவரும் மாலையில் வந்து கடைசி பெஞ்சில், கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுப்பது எப்படி என்று இரண்டு வாரம் திரையில் படம் காட்டினார்கள். ஒருநாள் அவர் கைதூக்கி, அலமாரியில் புத்தக முதுகு எண்களின் வரிசையை மேலிருந்து கீழாக அல்ல, தட்டு தட்டாக இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். இயக்குநர் சிரித்துக்கொண்டே, உங்களுக்கு நூலக அனுபவம் இருப்பதால் ஒருசார்பாகப் பார்க்கிறீர்கள் என்றார். அதற்குப் பிறகு நூலகர் கைதூக்கவில்லை.

அடிக்குறிப்பின் தொடக்க உரையைக் கண்டக்டர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை மனைவி பலமுறை தெருவுக்கே படித்துக் காட்டியதால் நமக்கும் பாடம்.

"மாணவச் செல்வங்களே, கண்ணால் கண்டதையும் நம்பாதீர்கள், காதால் கேட்டதையும் நம்பாதீர்கள். அச்சில் வந்திருக்கிறதா, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட தகவல் இறந்த தகவல். நான் ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஆதாரப் பட்டியல் சரியாக இருந்தால் முன்னால் இருப்பதும் சரியாகத்தான் இருக்கும். இந்த முறையில் ஒரு மாலைப்பொழுதில் நாற்பது ஏடுகள் திருத்தியிருக்கிறேன்."

பழைய சந்தை வரியைக் கண்டக்டர் எப்படி எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். தலைப்பு, 'பொதுப் பேருந்தில் பயணிகளின் இறங்கும் பழக்கம்.' கண்டக்டர் நாற்பத்து மூன்று நாள் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டை வைத்துக்கொண்டு, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று ஒவ்வொரு நடைக்கும் எழுதினார். டிரைவர், "என்னண்ணே, காதல் கவிதையா?" என்று கேலி செய்ததையும் பொறுத்துக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்ததில், பழைய சந்தை நிறுத்தத்துக்கு நேரே நாற்பத்து மூன்று நாளும் பூஜ்யம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சந்தை வேறு இடத்துக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது. அங்கே இருப்பது ஒரு பக்கம் கிடங்கின் நீளச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. ஆனால் பேருந்து அட்டவணையில் மட்டும் அந்த நிறுத்தம் இன்னும் இருக்கிறது. அட்டவணையை வருடா வருடம் அட்டையின் நிறத்தை மாற்றிப் புதிதாக அச்சடிக்கிறார்கள்.

சண்டைக்கு மறுநாள் கண்டக்டர் குட்டி நோட்டை எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பின் அறைக்குப் போனார். அவர் அதை நுனிவிரலால் புரட்டினார்.

"இது யார் எழுதியது?"

"நான்தான் சார்."

"பென்சில்ல இருக்கே."

"பஸ் ஆடும் சார். பேனா நிக்காது."

"பாருங்க, நீங்க நல்லவர். உங்க வார்த்தைய நான் நம்புறேன். ஆனா மையம் நம்பாது. இது அனுபவம். அனுபவம் வேற, ஆதாரம் வேற." மேசையிலிருந்த அட்டவணையைத் தட்டினார். "இது அச்சுல இருக்கு. இந்த வருஷத்தது. நிறுத்தம் இருக்குன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கிறீங்க."

தினமும் அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பேர் போகிறார்களே, யாரை வேண்டுமானாலும் கேட்கலாமே என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். அவர்களெல்லாம் கட்டுரை எழுதியிருக்கிறார்களா என்று அடிக்குறிப்பு அக்கறையாக விசாரித்தார்.

வெளியே வந்தவரைக் கல்லூரிக்கு எதிரில் இருந்த கடையிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் என்றால்தான் தெருவில் தெரியும். நகல் எடுப்பது, தட்டச்சு, அட்டை போடுவது எல்லாம் அவன்தான். மையம் வந்த நாளிலிருந்து அவன் கடை இயந்திரம் ஆறவே இல்லை. "மச்சான், பேசாம ஒரு புத்தகம் அச்சடிச்சுருவோம். பேரு நீங்க சொல்லுங்க, எழுதினவரு பேரு நான் சொல்றேன்" என்றான். கண்டக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் பழைய சீட்டைக் காட்டியவர்கள் எல்லோரும் வாங்கிய பார்வை அது. ஜெராக்ஸ் அட்டை ஒட்டப் போனான்.

உதவிக்கு வந்தது நூலகர்தான். சந்தை இடம் மாறிய வருடத்தில் நாளிதழில் கட்டாயம் செய்தி வந்திருக்கும், அந்தத் தொகுதி சைக்கிள் கொட்டகையில் எங்கேயோ கிடக்கிறது என்றார். கொட்டகைக்குள் போக மையத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, தேட வேண்டிய நூல் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்ட விண்ணப்பம் வேண்டும். இடம் தெரிந்தால் எதற்குத் தேட வேண்டும் என்று படிவத்தில் கேட்கவில்லை. நூலகர் 'மூட்டை எண் முப்பத்தொன்று, மேலிருந்து நாலாவது' என்று யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். உள்ளே போனதும் அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொகுதியின் முதுகில் ஒட்டிய பைண்டிங் துணியின் நிறத்தை வைத்தே இழுத்துவிட்டார். 'சந்தை இடமாற்றம், பேருந்து நிறுத்தமும் நீக்கம்' என்று இரண்டு பத்திச் செய்தி, நகராட்சிப் பொறியாளரின் அறிவிப்போடு இருந்தது. கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசியால்தான் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்.

ஜெராக்ஸ் நகல் எடுத்துக் கொடுத்தான். நகல் எடுப்பதைவிட நூலகரைப் பார்ப்பதில்தான் அதிக நேரம் செலவழித்தான் என்பது கடைக்கு வந்த மற்றவர்கள் சொன்னது.

அடிக்குறிப்பு செய்தியைப் படிக்கவே இல்லை. தேதியைப் பார்த்தார்.

"பதினோரு வருஷம். இறந்த தகவல்."

"சார், ஸ்டாப்பும் அப்பவே போயிடுச்சு சார்."

"போயிருக்கலாம். அதுக்கப்புறம் திரும்பி வந்திருந்தா?"

நிறுத்தம் எப்படித் திரும்பி வரும் என்று கேட்கக் கண்டக்டர் வாயெடுத்தார். அதற்கும் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்பார்களோ என்ற பயத்தில் மூடிக்கொண்டார். மாதம் முடியப் பதினாறு நாள் இருந்தது. பெரிய மனது செய்யுங்கள், ஒரு வரிதானே, காலைப் பாருங்கள் என்று கெஞ்சினார். செருப்பைக்கூடக் கழற்றிக் காட்டினார். அடிக்குறிப்பு இளகிவிட்டார். காலைப் பார்த்ததால் அல்ல. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"களத்துக்கே போயிருவோம். நாங்களே வந்து பாக்குறோம்."

அடுத்த சனிக்கிழமை காலை ஆய்வுக் குழு கண்டக்டரின் வண்டியில் ஏறியது. அடிக்குறிப்பு, கல்லூரி முதல்வர், இரண்டு விரிவுரையாளர்கள், படமெடுக்க ஓர் ஆள். ஐந்து பேரும் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். பழைய சந்தைக்கு ஐந்து சீட்டு என்றார் அடிக்குறிப்பு. இயந்திரத்தில் அந்தப் பெயரும் இருந்தது, அட்டவணையைப் பார்த்து ஏற்றியதுதானே. கண்டக்டர் அமுக்கினார். பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் பழைய சந்தை என்ற பெயரில் ஐந்து சீட்டு வெளியே வந்தது.

கிடங்குச் சுவர் வந்ததும் அடிக்குறிப்பு எழுந்து நின்றார்.

"சார், எதுக்கு இறங்குறீங்க? இங்க நிழல்கூடக் கிடையாது. உள்ள இருந்தே பாருங்க, யாரும் இறங்கலன்னு தெரியும். அவ்வளவுதானே ஆய்வு."

"அட்டவணைப்படி நிறுத்துங்க. இறங்காம எப்படிச் சரிபார்க்கிறது?"

கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் மறுபடி ஊதினார். வண்டி நின்றது. ஐந்து பேரும் வரிசையாக இறங்கினார்கள். முதல்வரின் இடது கால் நேராகச் சாக்கடை ஓரச் சேற்றில் போயிற்று. வண்டியிலிருந்த பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் மட்டும், "பாவம், வழி தெரியாதவங்க போல, சொல்லக் கூடாதா?" என்று கண்டக்டரைக் கடிந்துகொண்டாள்.

திரும்பும் வண்டி எதுவும் அங்கே நிற்கவில்லை. நிறுத்தமே இல்லாத இடத்தில் எந்த டிரைவர் நிறுத்துவான்? ஐந்து பேர் சுவரோரம் நின்று கை ஆட்டுவதைப் பார்த்து, ஏதோ ஊர்வலம் என்று இரண்டு டிரைவர்கள் பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுப் போனார்களாம். ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள்.

இதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்போம் அல்லவா? அடுத்த வாரம் மையத்தின் ஆய்விதழில் ஒன்பது பக்க அறிக்கை, சுவரோரம் எடுத்த படத்தோடு வந்தது. எழுதியவர்கள் ஐவர். முடிவு இதுதான்: 'நாங்கள் நேரில் சென்ற நாளில் பழைய சந்தை நிறுத்தத்தில் ஐந்து பேர் இறங்கினர். மேலும் ஐந்து பேர் நீண்ட நேரம் பேருந்துக்காகக் காத்திருந்தனர். பயன்பாடு அதிகரித்து வருவது தெளிவு. யாரும் இறங்குவதில்லை என்ற மாணவரின் கூற்று தவறானது.'

ஏடு மறுபடி திரும்பி வந்தது. மாதம் முடிய ஐந்து நாள்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் தெருவுக்குக் கவலையாகிவிட்டது. சலவைக் கடைக்காரர், உடம்பு சரியில்லையோ என்று கேட்டுவிட்டு வரச் சொல்லித் தன் மனைவியை அனுப்பினார். அவள் போய்ப் பார்த்தபோது கண்டக்டர் வெந்நீரில் காலை வைத்தபடி இதழை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நூலகரும் ஜெராக்ஸும். கண்டக்டரின் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

நடந்ததைச் சலவைக் கடைக்காரர் மனைவி வந்து சொன்னபடி சொல்கிறோம். ஜெராக்ஸ், "மச்சான், இறங்குறாங்கன்னே எழுதிருங்க. அச்சுல வந்திருக்கு, இந்த வருஷத்தது, அஞ்சு பேரு எழுதினது. பாஸ்" என்றானாம். கண்டக்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த இடத்தில் ஒருத்தரும் இறங்குவதில்லை, ஒரு நாற்காலிக்காக 'இறங்குகிறார்கள்' என்று பொய் எழுதினால், அப்புறம் அதில் உட்கார்ந்து நேரத்தை மட்டும் எப்படிச் சரியாக எழுதுவது என்று கேட்டார்.  வெந்நீர் ஆறிவிட்டது.

அப்போது மனைவிதான் பேசினாள். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரைச் சமாளிக்கிறவள்.

"அந்த அஞ்சு பேர் இறங்கினது நிஜந்தானே?"

"நிஜம்தான். நான்தானே சீட்டுக் கொடுத்தேன்."

"அப்ப அதையும் சேர்த்து எழுதுங்க. அவங்கள விட்டா வேற யாரும் இறங்கலன்னு எழுதுங்க."

நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். பேனாவை எடுத்து, ஏட்டின் ஓரத்தில் அவரே எழுதினார்: 'பழைய சந்தை நிறுத்தத்தில், ஆய்வுக் குழுவினர் ஐவரைத் தவிர, யாரும் இறங்குவதில்லை.' அதன் முடிவில் அடிக்குறிப்பு எண். கடைசிப் பக்கத்தில், ஆய்விதழ், இந்த ஆண்டு, ஆசிரியர்கள் ஐவர், இயக்குநரின் பெயர் முதலில். கண்டக்டர் இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இன்னொரு முறை படித்துவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் விடிவதற்குள் புதிதாக அச்செடுத்து அட்டை போட்டான். மூன்று நாள் கழித்து அடிக்குறிப்பு கண்டக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏடு மேசைமேல் திறந்திருந்தது, கடைசிப் பக்கத்தில்.

"இப்பதான் ஆய்வாளர் மாதிரி எழுதியிருக்கீங்க. எங்க அறிக்கைய முதல்முதலா மேற்கோள் காட்டினது நீங்கதான், தெரியுமா? பாத்தீங்களா, தேடினா ஆதாரம் கிடைக்கும். நான் அன்னைக்கே சொன்னேன்." முதல் வகுப்பு போட்டுக் கையெழுத்திட்டார். பத்தொன்பதாம் பக்கத்தை அவர் திருப்பியதாகத் தெரியவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஏட்டை உயர்த்திப் பிடித்து, இதுதான் முன்மாதிரி, படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் அறிவித்தார். அந்த வாரம் ஜெராக்ஸ் கடையில் அதற்கு மட்டும் இருநூறு படி போயிற்று. பிள்ளைகள் பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போது கண்டக்டர் பட்டத்தைப் பணிமனையில் காட்டினார். இப்போது அவர் டைம்கீப்பர். போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருப்பார். ஆய்விதழ் போக்குவரத்து அலுவலகம் வரை போய், பயன்பாடு அதிகரித்துவரும் பழைய சந்தையில் எல்லா வண்டியும் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்று உத்தரவாகி வந்திருக்கிறது. வண்டிகள் நிற்கின்றன. பயணிகள் சுவரைப் பார்க்கிறார்கள். எல்லா வண்டியும் இரண்டு நிமிடம் தாமதம் என்று அவர் தினமும் ஒளிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அடிக்குறிப்பு பெரிய பதவி கிடைத்துத் தலைநகருக்குப் போய்விட்டார். எல்லாக் கல்லூரிக்கும் அவர்தான் இப்போது வழிகாட்டி. முதல்வர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இளவட்டம் கண்டக்டராகவே இருக்கிறான், போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பெண் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நூலகர் அந்தத் தாளில் மூன்று மதிப்பெண்ணில் தவறி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஜெராக்ஸுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, நூலகருக்கு என்ன தோன்றிற்று என்பதுதான் தெருவுக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் ஏதோ மலைப்பக்கத்து ஊருக்கு, நூலகருக்கு வேலை கிடைத்த இடத்துக்கு, இயந்திரத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு குடிபோனார்கள். பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தவர் டைம்கீப்பர்தான். ஊர் எப்படி, வசதியெல்லாம் உண்டா என்று நாம் சுற்றி நின்று கேட்டோம்.

"நான் இன்னும் போய்ப் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.